காலில் போட்ட கோடு

கழுத்தை அப்படித் திருப்பாதீங்க தம்பி. உடம்போடு சேர்த்துத் திரும்புங்க. ஆங், அப்படித்தான். நீங்க ஏறும்போதே பார்த்துவிட்டேன். காலரைத் தூக்கிவிட்டிருக்கீங்க, பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறீங்க. பிடரியில் கட்டி. எத்தனை நாளாச்சு? அஞ்சு நாளா? ஜன்னல் ஓரம் வேண்டாம், இப்படி என் பக்கம் மாறி உட்காருங்க. வெயில் நேராக அதன் மேல்தான் அடிக்கிறது.

பயப்படாதீங்க, நான் தொடமாட்டேன். தொடுவதை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது.

எங்கே இறங்கணும்? கல்யாண மண்டபமா? சரி. அதற்கு ரெண்டு ஸ்டாப் முன்னால் பெரிய ஆஸ்பத்திரி வரும். அது வருவதற்குள் நான் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்கதான் சொல்லணும். இந்த பஸ்சில் வாரா வாரம் யாரிடமாவது கேட்கிறேன். ஒருத்தரும் சொல்லாமல் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

என் பெயர் மண்ணாங்கட்டி. சிரிங்க, பரவாயில்லை. எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. எமனுக்கு ஆசை வராத மாதிரி ஒரு பெயராகப் பார்த்து வைத்தார்கள். எழுபத்தொரு வயசாகிவிட்டது, அவனுக்கு இன்னும் ஆசை வரவில்லை. பெயரிலேயே கட்டி இருக்கிற ஆள் நான். கட்டியைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?

எங்க ஊர் மணியக்காரருக்கு உட்காருகிற இடத்தில் ஒன்று வந்தது. சாதாரணக் கட்டி இல்லை, பலாக்காய். 'எனக்கு வந்திருக்கிறது ராஜபிளவை' என்று பெருமை வேறு. ஆறு மாதம் மனுஷன் உட்காரவே இல்லை. சாப்பாடு நின்றுகொண்டே, தூக்கம் நின்றுகொண்டே, பஞ்சாயத்தும் நின்றுகொண்டேதான். கால் வலிக்குமே, அதனால் தீர்ப்பெல்லாம் சுருக்கச் சொல்லிவிடுவார். அந்த ஆறு மாதம்தான் எங்க ஊரில் வழக்கு இழுத்தடிக்காமல் முடிந்தது. கடைசியில் அது உடைந்த அன்று அவர் தாலுகா ஆபீசில் நின்றிருந்தார். ஏரி உடைந்துவிட்டதென்று தாசில்தார் மேஜை மேல் ஏறிவிட்டார்.

பொய் என்கிறீங்களா? கொஞ்சம் பொய்தான். மேஜை மேல் ஏறியது தாசில்தார் இல்லை, கிளார்க்கு.

அக்கி தெரியுமா உங்களுக்கு? தோலில் கொத்துக் கொத்தாகக் கொப்பளம் கிளம்பித் தீயாக எரியும். அது வந்தால் குயவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். நாங்க சட்டி பானை செய்வதை எப்போதோ விட்டாச்சு, ஆனால் அக்கி எழுதுவதை விடவில்லை. செங்காவியை உரசிக் குழம்பாக்கி, கோழி இறகைத் தோய்த்து, அக்கியைச் சுற்றி ஒரு கோடு. கோட்டுக்குள்ளே ஒரு சிங்கம். கோடு வேலி. அதைத் தாண்டி நோய் வராது. உள்ளே அடைபட்டதைச் சிங்கம் தின்றுவிடும். மூன்று நாள், அவ்வளவுதான். ஒரு ஆட்டு வியாபாரிக்குத் தோளில் எழுதினேன். சிங்கம் அப்படி அமைந்துவிட்டது. அவன் ஓட்டி வந்த ஆடெல்லாம் அதைப் பார்த்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போயின. அக்கியும் போச்சு, ஆடும் போச்சு.

இதை ஏகாம்பரத்திடம் சொன்னபோது அவன் தையல் மிஷினை நிறுத்தக்கூட இல்லை. மிதித்துக்கொண்டே, "மச்சான், நீ வாயத் தொறந்தா தையல் பிரிஞ்சுக்கிட்டே போவுது. அந்த ஆட்டுக்காரன் பேரு என்ன?" என்று கேட்டான். அதுதான் அவன் வழக்கம். எந்தக் கதை சொன்னாலும் கடைசியில் ஒரே கேள்வி, பேரு என்ன? பெயர் கேட்டுவிட்டால் பொய் அங்கேயே படுத்துவிடும். நாற்பது வருஷம் தம்பி, நான் சொன்ன ஒன்றையும் அவன் நம்பியதில்லை. ஆனால் ஒரு நாள் நான் போகாவிட்டால் ஆள் அனுப்புவான்.

ஏகாம்பரம் என் தங்கச்சி புருஷன். சாத்தனேந்தலில் தையல்காரன். வீட்டு முன்னறைதான் கடை. அவன் கதையைத்தான் சொல்ல வந்தேன். சரியாகச் சொன்னால் அவன் வலது காலின் கதையை.

போன வருஷம் கத்திரி வெயில். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கிறது. ரெண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் யூனிபார்ம் அவன்தான் தைக்க வேண்டும். கடையில் நீல நிறத் துணி இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து, மிஷின் மிதிக்கிற வலது கெண்டைக்காலில் ஒரு கட்டி. வேனல் கட்டி என்றோம் எல்லோரும். "மாம்பழம் சூடு, திங்காதீங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்" என்று அஞ்சலை திட்டினாள். அஞ்சலை என் தங்கச்சி. சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டுவிட்டு நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

பழுக்கிற வரைக்கும் அவனால் பொறுக்க முடியவில்லை. மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றினான். தையல்காரன் வழக்கமாகச் செய்வது போலத் தலைமுடியில் ரெண்டு தரம் தேய்த்தான். ஒரே குத்து. நாலு பக்கமும் பிதுக்கி, வெட்டி விழுந்த துணித்துண்டால் கட்டிவிட்டு, அதே ஊசியை மறுபடி மிஷினில் மாட்டி மிதித்தான்.

இதைக் குறித்துக்கொள்ளுங்க. முதல் தப்பு ஊசி. ஊசியை நான் குத்தவில்லை.

ரெண்டு நாளில் கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிப் பளபளவென்று சிவந்துவிட்டது. தொட்டால் அடுப்புக் கல். அஞ்சலை வேலைக்குப் போயிருந்தாள். நான்தான் அவனை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். இதையும் குறித்துக்கொள்ளுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது யார்? நான்.

சின்ன வயசு டாக்டரம்மா. காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

"உங்களுக்குச் சுகர் இருக்கே, தெரியாதா?"

"எனக்கா? நான் டீக்கே கம்மியாத்தாம்மா போடுவேன்" என்றான் ஏகாம்பரம்.

"கட்டியில இருந்து கிருமி தோலுக்கு அடியில பரவிக்கிட்டிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், இன்னிக்கே போய்ப் படுத்துடுங்க."

"பள்ளிக்கூடம் தொறக்கப் போவுதும்மா."

"நீங்களா படிக்கப் போறீங்க?"

"இல்லம்மா, நான் தெச்சாத்தான் அதுங்க படிக்கப் போவும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவன் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். சிவப்பு எங்கே முடிகிறதோ அதன் ஓரமாகவே காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

தம்பி, எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஐம்பது வருஷமாக நான் செய்கிற வேலை. என் கண் முன்னால் ஒரு டாக்டரம்மா செய்கிறார். அதுவும் அரைகுறையாக. பின்பக்கம் கோணல். முனையும் முனையும் சேரவில்லை. உள்ளே சிங்கம் இல்லை. நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பெரியவரே, நீங்கதான கூட வந்தவரு? நல்லாக் கேட்டுக்குங்க. காலையில சாயங்காலம் ரெண்டு வேளையும் பாருங்க. கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா..." தாண்டினால் என்னவோ சொன்னார். சீட்டிலும் எழுதினார். சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதோ, இந்தப் பைதான். இப்போது அதில் இருப்பது வேறே. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது ஏகாம்பரம் வண்டியை நிறுத்தச் சொன்னான். புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், நான் துணியில சாக்பீசால கோடு போட்டா எதுக்குப் போடுவேன்?"

"எதுக்கு?"

"வெட்டறதுக்கு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் உதடு வெளுத்திருந்தது.

"மார்க் பண்ணிட்டாங்க மச்சான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா கோட்டு மேலயே வெட்டிருவாங்க. எங்க தெருவுல சர்க்கரைக்காரன் ரெண்டு பேருக்கு எடுத்தாங்களே. ஒத்தக் காலால மிஷின் மிதிக்க முடியுமா, சொல்லு. முப்பத்தஞ்சு வருஷமா இந்தக் கால்தான் மச்சான் சோறு போடுது. நான் செத்தாலும் ரெண்டு காலோடதான் சாவேன்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நீங்களாக இருந்தால் இருப்பீங்களா? "அட மாப்ளே, அது வெட்டற கோடு இல்ல. வேலி. அக்கிக்கு நான் போடறனே, அதேதான். அந்தம்மாவே சொன்னாங்களே, கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு. யாருக்குச் சொன்னாங்க? உனக்கா? எனக்கா? நோய்க்குய்யா! நோய்க்கு உத்தரவு போட்டிருக்காங்க."

அவன் என்னையே பார்த்தான். 'பேரு என்ன?' என்று இப்போது கேட்பான், இப்போது கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "வேலியா?" என்றான். "வேலிதான்" என்றேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

நாற்பது வருஷத்தில் நான் சொன்னதில் அவன் நம்பியது அது ஒன்றைத்தான். அது பொய் இல்லை தம்பி. நானும் நம்பினேன்.

சாயங்காலம் அஞ்சலை வந்து, "டாக்டரு என்னண்ணா சொன்னாங்க?" என்றாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்றபடி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "ஒண்ணுமில்ல, வேனல் கட்டி. மாத்திரை குடுத்திருக்காங்க" என்றேன். "கால்ல என்ன கோடு?" என்றாள். "உன் புருஷன் ஊருக்கெல்லாம் அளவெடுக்கறானே, இன்னிக்கு அவனுக்கு அளவெடுத்தாங்க. சர்க்கார்ல பேண்டு தெச்சுத் தரப் போறாங்களாம்" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் சொல்லி என் தங்கச்சி சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி. அதனால்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலையில் போனேன். கதவை ஒருக்களித்துவிட்டு வேட்டியைத் தூக்கிக் காட்டினான். சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது.

"தாண்டிடுச்சு மச்சான்."

"பேனாக் கோடுய்யா, எப்படி நிக்கும்? அந்தம்மா முனையையே சேர்க்கல, அந்தச் சந்துலதான் வெளிய வந்திருக்கு."

தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தக் கோட்டைத் துடைத்தேன். அரைகுறையாகத்தான் போயிற்று. அதற்கு வெளியே என் பேனாவால் ஒரு கோடு போட்டேன். முனையோடு முனை சேர்த்து, சுத்தமாக. அதற்கப்புறம் வீட்டுக்குப் போய்க் காவியைக் கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சிங்கத்தை நான் எழுதியதில்லை. பிடரி முழங்காலைத் தொட்டது, வால் கணுக்காலில் சுருண்டிருந்தது. கால் முழுக்கக் காவி பூசிவிட்டேன். ஈரக் காவி பட்டதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். "குளுகுளுன்னு இருக்கு மச்சான். நேத்தே செஞ்சிருக்கலாம்" என்றான். அன்றைக்கு அந்தக் காலாலேயே ஒன்பது ஜோடி தைத்தான்.

காவி என்ன நிறம்? சிவப்பு. சிவப்பு மேல் சிவப்பு பூசினால் எது எங்கே நிற்கிறதென்று யாருக்குத் தெரியும்? பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா இதைத்தான் கேட்டார். நல்ல கேள்விதான். அதை முதல் நாளே யாராவது கேட்டிருக்கலாம்.

மூன்றாவது நாள் காய்ச்சல். அந்த வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தான். "ஏண்ணா இப்படி நடுங்கறாரு?" என்று அஞ்சலை கேட்டாள். "காவி குளிர்ச்சி உள்ள இறங்குது" என்றேன். நான் சொன்னால் அவளுக்கு அது போதும். சின்னதிலிருந்து அப்படித்தான், அவனைப் போலப் பெயரெல்லாம் கேட்கமாட்டாள். காவி காய்ந்து வெடித்த இடங்களில் மறுபடி பூசினேன். ஓரத்தில் இன்னொரு கோடு போட்டேன். ஒன்றோ ரெண்டோ.

நாலாவது நாள் பத்து மணி இருக்கும். மிஷின் மிதிக்காமல் சும்மா உட்கார்ந்து, கழுத்தில் தொங்குகிற டேப்பைக் காற்றில் பிடித்து அளந்துகொண்டிருந்தான். "கை நீளம் ஒம்பது. காலர் பதினொண்ணு. எழுதிக்கோ" என்றான். யாருக்கு அளவு மாப்ளே என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பேரு என்ன?" என்றான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்க. பழைய ஏகாம்பரம் திரும்பிவிட்டான் என்று நினைத்தேன். "மண்ணாங்கட்டி" என்றேன் சிரித்துக்கொண்டே. "மண்ணாங்கட்டி" என்று எழுதுகிற மாதிரி விரலை ஆட்டினான். "ஒசரம் பதினெட்டு. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோ. அடுத்த ஆளு யாரு?" என்றான். அடுத்த ஆள் யாருமில்லை. நான் மட்டும்தான் இருந்தேன். அப்போதும் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். நாற்பது வருஷமாக நான் அவனிடம் விளையாடியிருக்கிறேனே, அவன் ஒரு நாள் விளையாடக் கூடாதா?

அஞ்சலை அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. உள்ளேயிருந்து வந்து அவன் கண்ணைப் பார்த்தாள். ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் காலில் ஊற்றினாள். "அஞ்சலை, சிங்கம் அழிஞ்சுடும்!" என்று கத்தினேன். அவள் கையாலேயே தேய்த்தாள். காவி தரையில் ஓடியது.

அடியில் இருந்ததை நான் சொல்லமாட்டேன். நீங்க கல்யாணத்துக்குப் போகிறவர், சாப்பிடணும். சிவப்பு இல்லை, அவ்வளவுதான் சொல்வேன். சிவப்பாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கறுத்திருந்தது. பெரிய பெரிய கொப்பளம். தொடை வரைக்கும் போயிருந்தது. அதற்கு நடுவில் கோடு கோடாக நீல மை.

நூற்றெட்டு வண்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "யாரு இதையெல்லாம் போட்டது?" என்றார். அவர் பேனா முனையால் தொடாமல் எண்ணினார். ஏழு கோடு. நான் மூன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றோ நாலோ. சத்தியமாக ஏழு என்று எனக்குத் தெரியாது. "முன்னாடி எங்க காட்டினீங்க? சீட்டு இருக்கா?" என்றார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. நாலு நாளாக அதே சட்டை. காவி பட்டு ஒட்டிப்போயிருந்ததைப் பிரித்துக் கொடுத்தேன். டாக்டரிடம் கொடுப்பதற்கு முன்னால் அவள் படித்தாள். அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தெளிவான எழுத்து வேறு. ஒவ்வொரு சொல்லாகச் சத்தம் போட்டுத்தான் படிப்பாள்.

"சிவப்பு... கோட்டைத்... தாண்டினால்... உடனே... பெரிய... ஆஸ்பத்திரிக்கு... போகவும்."

என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. "காலை எடுத்தாத்தான் உயிருக்கு ஏதோ வழி இருக்கு. அதுவும் உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அவர் சொல்லி வாய் மூடவில்லை, "எடுத்துடுங்க" என்றாள் அஞ்சலை. "கால் எதுக்கு? மனுஷன் இருந்தாப் போதும். மிஷினை நான் மிதிச்சுக்கிறேன்." காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்தது. வண்டியில் மாற்றும்போதே முடிந்துவிட்டது. மத்தியானம் ஒன்றே முக்கால்.

ரெண்டு காலோடுதான் போனான் தம்பி. அவன் கேட்டது அதுதானே? அது தவறாமல் நான் பார்த்துக்கொண்டேன். சாவு வீட்டில் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் சொன்னேன். "அழாத, கால் போகல பாரு" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். வேறே என்ன சொல்ல? அவள் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது சொல்லுங்க. ஊசி குத்தியது அவன். மாம்பழம் தின்றது அவன். சர்க்கரை அவன் உடம்பில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்றதும் அவன். சொல்லாதே சொல்லாதே என்று தலையை ஆட்டியதும் அவன்தான். டாக்டரம்மாவாவது முனையைச் சேர்த்துப் போட்டிருக்கலாம். அது அக்கியாக இருந்திருந்தால் என் கோட்டுக்கு நின்றிருக்கும், அதில் சந்தேகமே இல்லை. என் மேல் தப்பு எங்கே வருகிறது? வருகிறதா? நீங்களும் ஜன்னலைப் பார்க்கிறீங்க. சரி, பாருங்க.

காரியம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் போனேன். அஞ்சலை வாசலில் நின்றிருந்தாள். கையில் ஏகாம்பரத்தின் சாக்பீஸ். தட்டையாக, ஓரம் தேய்ந்து, அவன் விரல் பிடித்த பள்ளத்தோடு இருக்குமே அது. குனிந்து வாசற்படிக் கல்லின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டாள். தையல்காரன் பொண்டாட்டி, கோடு கொஞ்சமும் கோணவில்லை.

"இது எதுக்குப் போட்ட கோடு, தெரியுதாண்ணா?"

படியில் வைக்கப் போன காலைப் பின்னுக்கு எடுத்தேன்.

"வெட்டறதுக்கு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. இந்த பஸ்சில்தான் வாரா வாரம் போகிறேன். கோட்டுக்கு வெளியே நிற்பேன். கீரையோ கத்திரிக்காயோ கொண்டு போனதைப் படியோரம் வைப்பேன். உள்ளே மிஷின் சத்தம் கேட்கும். இப்போது அவள்தான் மிதிக்கிறாள். மீதி யூனிபார்மையும் அவள்தான் தைத்து முடித்தாள். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்சைப் பிடிப்பேன்.

அதோ, ஆஸ்பத்திரி மதில் தெரிகிறது. எழுந்திருங்க. கல்யாணம் எங்கேயும் ஓடிப்போகாது. நீங்க ஏறியதுமே கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன், இந்தத் தம்பி ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கணும் என்று. கோபப்படாதீங்க. உங்களுக்கு முதுகில் கண் இல்லை, எனக்குத் தெரிகிறது. காலருக்குக் கீழே சிவப்பு தோள் வரைக்கும் இறங்கியிருக்கிறது. பொய்யா? ஆட்டுக்காரனுக்கு என்னால் பெயர் சொல்ல முடியவில்லை. இதற்குச் சொல்லியிருக்கிறேன், ஏகாம்பரம். சாத்தனேந்தலில் போய்க் கேட்டுப் பாருங்க.

இருங்க, ரயில்வே கேட் போட்டிருக்கிறான். ஒரு நிமிஷம் இருக்கிறது. பையில் என்ன என்று பார்த்தீங்களே. இதோ, சாக்பீஸ். அவனுடையதுதான்.

ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை பெய்ததே, அதற்கப்புறம் போனேன். கோடு இல்லை. கல் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அதற்கு முன்னெல்லாம் காலடி பட்டுக் கொஞ்சம் அழிந்தாலே அவள் புதுசாகப் போட்டுவிடுவாள். அன்றைக்குப் போடவில்லை. மறந்தாளா, வேண்டாம் என்று விட்டாளா, தெரியாது. கதவு திறந்திருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் காலைத் தூக்கி வைத்திருந்தால் உள்ளே போயிருப்பேன். கோடுதான் இல்லையே, யார் கேட்கப் போகிறார்கள்?

ஜன்னல் கட்டையில் இந்தச் சாக்பீஸ் இருந்தது. எடுத்தேன். குனிந்தால் எழுந்திருக்க முடியாத முழங்கால் எனக்கு, இருந்தாலும் குனிந்தேன். கல்லில் ஒரு கீறல் உண்டு, அவள் கோடு எப்போதும் அந்தக் கீறல் மேல்தான் போகும். மிஷின் சத்தம் நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீறலைப் பிடித்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், அவள் போட்ட அதே இடத்தில் போட்டேன். ஒரு விரற்கடை கூடத் தள்ளிப் போடவில்லை தம்பி.